செரண்டிபைட்டு: ஒரு கனிமப் பெயரின் பொருளும் வழக்கும்

செரண்டிபைட்டு என்பது கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், போரான், சிலிக்கன் ஆகியன சேர்ந்த அரிய கனிமமாகும். இலங்கையின் கங்காபிட்டியவில் கிடைத்த இதனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. டி. பிரயரும் ஆனந்த குமாரசுவாமியும் ஆராய்ந்து அறிவித்தனர். அத்தீவின் பழம்பெயரான 'செரண்டிப்' என்பதே இப்பெயரின் அடி. 'ஐட்டு' கனிமப் பெயர்களுக்குரிய ஈறு.

செரண்டிப் பொதுவாக அரபு வழக்காகவே அறியப்படுகிறது. எனினும், 4ஆம் நூற்றாண்டின் இலத்தீன் வரலாற்றாசிரியர் அம்மியானுசு மார்செல்லினுசு அத்தீவினரைச் 'செரெந்திவி' எனச் சுட்டுகிறார். 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய காஸ்மாசு தீவைச் 'சீலெதிபா' என்கிறார். முன்னதில் ரகரமும் பின்னதில் லகரமும் அமைந்துள்ளன. இவ்விரு வடிவங்களையும் ஒருங்கே விளக்க வல்லது 'சிங்களத்வீபம்' என்னும் மூலமே. 'சேரன் தீவு' என்னும் விளக்கம் ரகர வடிவத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. ஆதலின் அது ஒலிச்சாயலால் எழுந்ததாகவே கொள்ளத்தகும்.

தற்செயலாக நற்பேறு வாய்த்தலைக் குறிக்க 1754இல் ஓரேசு வால்போல் படைத்த 'செரண்டிபிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வடியிலிருந்தே பிறந்தது. ஆயினும் அது கனிமப் பெயருக்கு உடன்பிறப்பேயன்றித் தாயன்று. அவ்விலங்கையிலேயே கண்டறியப்பட்டு 1904இல் பெயரிடப்பட்ட தோரியனைட்டு தன் உட்கூற்றால் பெயர் பெற்றது. செரண்டிபைட்டோ பிறந்த நிலத்தால் பெயர் பெற்றது.

இவ்வேறுபாடு கலைச்சொல்லாக்கத்தில் கருதத்தக்கது. 'தற்செயல்' என்னும் பொருளை ஏற்றி இதனைத் தமிழாக்கினால் பெயரிலுள்ள இடவரலாறு மறைந்துவிடும். ஆகவே ஒலிபெயர்ப்பே இங்குப் பொருத்தமானதாகும்.