பால்வாடியில் பால் எங்கே? ஒரு சொல்லின் கதை

1/ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் "பகல்ல குழந்தையை எங்க விடுறீங்கம்மா?"ன்னு கேட்டா இன்னும் நிறைய பேர் சொல்ற பதில் "பால்வாடி". போர்டுல அங்கன்வாடின்னு எழுதியிருந்தாலும் மக்கள் வாயில பால்வாடிதான். குழந்தைக்குப் பால் குடுக்கிற இடம், அதான் அந்தப் பேருன்னு பலரும் நினைக்கிறாங்க.

2/ அது பால் இல்லை, 'பால'. பாலகன், பாலர் பள்ளியில வர்ற அதே சொல். வாடின்னா மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டம், அடைப்புக்குள்ள இருக்கிற இடம். நமக்கும் இது பழகின சொல்தான்: மரவாடி, விறகுவாடி, ஜல்லிக்கட்டு வாடிவாசல்.

3/ ஆக பால்வாடின்னா குழந்தைத் தோட்டம். ஜெர்மனியில ஃப்ரோபெல் 1840-ல தன் பள்ளிக்கு வெச்ச 'கிண்டர்கார்ட்டன்' பேருக்கும் இதே பொருள். நாம பணம் கட்டிச் சேர்க்கிற எல்.கே.ஜி.யில கடைசி எழுத்து தோட்டம்தான்! நர்சரி, நர்ஸ், நியூட்ரிஷன் மூணுக்கும் வேர் ஒண்ணு: ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்.

4/ நம்ம நாட்டுல இந்தச் சொல்லுக்கு உயிர் குடுத்தவர் தாராபாய் மோடக். பாவ்நகர்ல கிஜுபாய் பதேகாவோட வேலை செஞ்சவர். 1945-ல மகாராஷ்டிரக் கடலோர கிராமமான போர்டியில பால்வாடி தொடங்கினார். மாண்டிசோரி சாமான்கள் விலை அதிகம். அதனால ஊர்ல கிடைக்கிற பொருட்களை வெச்சே சொல்லிக் குடுத்தாங்க. கூடவே நின்னவர் அனுதாய் வாக்.

5/ ஆனா பழங்குடிக் குழந்தைகள் வரலை. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கணும், மாடு மேய்க்கணும். வராத குழந்தையைக் குறை சொல்லாம, பள்ளியையே அவங்க வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனாங்க. முற்றத்துக்கு அங்க 'ஆங்கன்'னு பேரு. அப்படி வந்ததுதான் அங்கன்வாடி.

6/ 1975 அக்டோபர் 2-ல மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினப்போ அதோட மையங்களுக்கு இந்தப் பேரையே எடுத்துக்கிட்டாங்க. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்க்கிறது, முன்பருவக் கல்வி, கர்ப்பிணிகள் கவனிப்பு எல்லாம் ஒரே கூரைக்கீழ.

7/ தமிழ்நாடு இதுல இன்னொரு அடி வெச்சுது. 1980-ல உலக வங்கி உதவியோட வந்த ஊட்டச்சத்துத் திட்டத்துல 6 முதல் 36 மாசக் குழந்தைகளுக்கு மாசாமாசம் எடை. ஏறலைன்னா சத்து லட்டு, ஏறுற வரைக்கும். 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 2 வயசுக் குழந்தையையும் சேர்த்துக்கிச்சு.

8/ ஒரு டாக்டரா எனக்கு இதுல பெரிய விஷயம் அந்தத் தராசு. குழந்தை வாடிப்போறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எடைக்கோடு சொல்லிடும். கோடு ஏறாம படுத்தா அதுதான் முதல் எச்சரிக்கை. அப்ப பிடிச்சா சரி பண்றது சுலபம். "எங்க குடும்பமே ஒல்லி உடம்பு"ன்னு விட்டுடாதீங்க. தனியார் ப்ளே ஸ்கூலுக்குப் போற குழந்தைக்கும் இதேதான்.

9/ அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டும்னு நினைக்கிறதும் தப்பு. 6 வயசுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சேவை போய்ச் சேரணும்னு உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. கிராமமோ குடிசைப் பகுதியோ, 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லைன்னா, மக்கள் கேட்ட 3 மாசத்துக்குள்ள தரணும்னும் சொல்லுச்சு.

10/ எஸ்டேட் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைக்கும் பீகார், ஒடிசாவுல இருந்து வந்த குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய. அந்தக் குழந்தைகள் மணல் குவியல் மேல விளையாடிட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. எந்த மையத்துப் பதிவேட்டுலயும் பேர் இல்லாம இருக்கலாம். அடுத்த தடவை பார்த்தா அந்த அம்மாகிட்ட "ஆங்கன்வாடி"ன்னு சொல்லி வழி காட்டுங்க. தமிழ் தெரியாட்டியும் அந்த ஒரு சொல் புரியும். முடிஞ்சா கூடவே போய் பேர் எழுத வெச்சுட்டு வாங்க.