சுட்டிக்கு ஒரு விரிப்பு

குழவியை மட்டும் பார்த்து அம்மியை வாங்குவார் இல்லை. அம்மியின் முகம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால், எத்துணை நல்ல குழவியும் அரைக்காது. கல்லைக் கொத்தியே தீரவேண்டும். கணிப்பொறி மேசையில் நாம் கையால் நகர்த்தும் சுட்டிக்கும் இது பொருந்தும். 'மவுஸ்' என்று பலரும் வழங்கும் அக்கருவியை ஆராய்ந்து வாங்குவோர், அதன் அடியில் இடும் 'மவுஸ் பேட்' என்னும் விரிப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், சுட்டியின் அடிப்பக்கம் மாறியபொழுதெல்லாம் விரிப்பின் வேலையும் மாறியுள்ளது. அவ்வரலாற்றை அறிந்தால், ஏற்ற விரிப்பைத் தெரிந்தெடுத்தல் எளிது.

சுட்டியைக் கண்டவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர். கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், 1964-ஆம் ஆண்டில் அவருடைய துணைவர் பில் இங்கிலீஷ் அதன் முதல் வடிவைச் செய்து முடித்தார். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டில் சென்ற தொலைவை அளந்தது. மற்றொன்று முன்பின் சென்ற தொலைவை அளந்தது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனை அவையோர்க்கு இயக்கிக் காட்டினார்.

பின்னர்ச் சக்கரங்களின் இடத்தை உருண்டை பெற்றது. ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் 1968-இலேயே உருண்டைச் சுட்டியை வெளியிட்டது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் வந்தபின், அவ்வகைச் சுட்டி இல்லங்களிலும் புகுந்தது. உருண்டையை உருளச் செய்வது உராய்வு. மெருகிட்ட மேசையில் அது உருளாமல் வழுக்கும். கை நகரும், திரையிலுள்ள குறி நகராது. ஆகவே, மேலே துணியும் கீழே நுரை ரப்பரும் அமைந்த விரிப்பு தேவையாயிற்று. துணி உருண்டையைப் பற்றியது. ரப்பர் மேசையைப் பற்றியது. விரிப்பில் படிந்த தூசியோ உருண்டையுடன் ஏறிச் சுட்டியின் உள்ளே திரண்டு, இயக்கத்தைத் தடுத்தது.

இக்குறையை ஒளி நீக்கியது. 1980-ஐ ஒட்டி, ஜெராக்ஸ் நிறுவனத்தில் ரிச்சர்டு லயனும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் கிர்ஷும் தனித்தனியே ஒளிச்சுட்டிகளை அமைத்தனர். லயனின் சுட்டி, கோலப் புள்ளிகள்போல் புள்ளியிட்ட பரப்பைப் பார்த்து வழி அறிந்தது. கிர்ஷின் சுட்டி, நுண்ணிய கட்டங்கள் வரைந்த உலோகப் பலகையைப் பார்த்தது. அன்று விரிப்பு வெறும் துணையன்று. கருவியின் ஒரு பாதியே. அதனை எடுத்துவிட்டால் சுட்டி குருடாகும்.

1999-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ஒளிச்சுட்டி இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அடியிலுள்ள பரப்பை நொடிக்குப் பல நூறுமுறை படம்பிடித்து, முந்திய படத்தோடு பிந்திய படத்தை ஒப்பிட்டு, சென்ற திசையை அது கணக்கிட்டது. இனி விரிப்பு வேண்டா என்று பலர் எண்ணினர். ஆயினும், கண்ணாடியிலும் பளபளப்பான பரப்பிலும் ஒப்பிடத்தக்க அடையாளம் கிடைக்காமல் அது தடுமாறியது. கண்ணாடிமேலும் இயங்கும் சுட்டியை லாஜிடெக் நிறுவனம் 2009-இல் கொணர்ந்தது. எனினும் எல்லாச் சுட்டிகளுக்கும் அவ்வாற்றல் இல்லை.

ஆகவே, விரிப்பு வாங்குவோர் முதலில் தம் மேசையைப் பார்த்தல் வேண்டும். மங்கலான மரப்பரப்பாயின் விரிப்பின்றியும் வேலை நடக்கும். கண்ணாடியாயின், பளபளப்பற்ற விரிப்பு இன்றியமையாதது. நுட்பமாகப் படம் வரைவோர்க்குச் சற்றே தடை தரும் துணி நன்று. விரைந்து நகர்த்துவோர்க்கு வழவழப்பான கெட்டிப் பரப்பு ஏற்றது. திரைக்குறி மெல்ல நகருமாறு அமைத்துக்கொள்வோர்க்கு அகன்ற விரிப்பு வேண்டும். எவ்வகையாயினும் அடிப்பக்கம் மேசையில் நழுவாதிருத்தல் முதற்பண்பு.

மணிக்கட்டுக்கு மேடு வைத்த விரிப்பை வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. விரல்களுக்கு உணர்வூட்டும் முதன்மையான நரம்பொன்று மணிக்கட்டிலுள்ள குறுகிய வழியினூடே செல்கின்றது. நாள்முழுதும் அவ்விடத்தை மேட்டில் அழுத்திக்கொண்டு வேலை செய்தல் நலமன்று. வேலையின் இடையே ஓயும்பொழுது உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைக்கலாம். நகர்த்தும்பொழுது கை முழுவதும் தடையின்றி இயங்குதல் வேண்டும். படத்தின் அழகையும் விலையையும் அதன்பின் எண்ணலாம்.