நாடார் உறவின்முறை

நாடார் உறவின்முறை என்பது 19ஆம் நூற்றாண்டில் தென் தமிழகத்து வணிக ஊர்களில் நாடார் சமூகத்தினர் அமைத்துக்கொண்ட ஊர்ச் சங்கம் ஆகும். சாத்தங்குடி, சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் இது வேரூன்றியது.

தோற்றம்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து மாட்டுவண்டிகளில் கருப்பட்டி, கருவாடு முதலியவற்றைக் கொண்டுவந்த வணிகர்கள் இவ்வூர்களில் சிறுபான்மையினராகவே குடியேறினர்.  வழிப்பறிக்கு அஞ்சி ஒவ்வோர் ஊரிலும் சுற்றுச்சுவரும் கிணறும் கொண்ட பேட்டைகளைக் கட்டினர். பேட்டையின் செலவுக்காக வணிகரிடம் பெறப்பட்ட சிறு தொகையே மகமை எனப்பட்டது. பின்னாளில் அது சமூகத்தின் பொது நிதியாக வளர்ந்தது.

பணிகள்

ஊர்க் கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டதால், உறவின்முறைகள் மகமைப் பணத்தில் தமக்கெனப் பத்திரகாளியம்மன், மாரியம்மன் கோயில்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் அமைத்தன. 1889இல் விருதுபட்டியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இவற்றுள் புகழ்பெற்றது. வீடுதோறும் தினமும் எடுத்துவைத்த பிடியரிசியும் அதற்கு உதவியது. காமராசர் இங்குப் பயின்றவர்.

உறவின்முறை வழக்குகளைத் தீர்த்தது, தண்டம் விதித்தது, கட்டுப்பாட்டை மீறியோரை விலக்கியும் வைத்தது. வெளியார் விலக்கியதால் பிறந்த அமைப்பு, தன்னவர் மீது அதே கருவியைப் பயன்படுத்தியது கவனிக்கத்தக்கது.

கோயில் நுழைவு வழக்கு

பொருள் வளம் பெருகியும் கோயில் கதவு திறக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டதை எதிர்த்து, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 1899 ஜூன் 6 அன்று சிவகாசி நாடார்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தது. வீடுகள் பல எரிக்கப்பட்டன. மதுரை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் மன்னருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தன. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. வழக்கமே உரிமையை முடிவு செய்யும் என்பதே சுருக்கமாக அத்தீர்ப்பின் பொருள்.

பிற்காலம்

1910இல் தனித்தனி ஊர்ச் சங்கங்களுக்கு மேலாக நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் அரசு ஆவணங்களில் "சாணார்" என்பதற்குப் பதில் "நாடார்" என்ற பெயர் ஏற்கப்பட்டது. அவ்வாண்டே தூத்துக்குடியில் நாடார் வங்கி (இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி) நிறுவப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற குழுவில் தாழ்த்தப்பட்டோருடன் நாடார் ஒருவரும் இருந்தார். உறவின்முறைகள் இன்றும் இவ்வூர்களில் பள்ளிகளையும் திருமண மண்டபங்களையும் நடத்திவருகின்றன.