திருமயத்து ஆதிசேஷனும் பஹாமுத் டிராகனும்

விடுமுறைக்கு வரும் நம் பேரப்பிள்ளைகளில் சிலர் 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற ஜப்பானிய வீடியோ கேமை விரும்பி ஆடுகிறார்கள். 1987-இல் தொடங்கிய இத்தொடரில் பல பாகங்களில் பஹாமுத் என்ற டிராகன் வருகிறது. அதன் ஆயுதம் 'மெகா ஃபிளேர்' என்னும் நெருப்பு. 1991-இல் வந்த நான்காம் பாகத்தில், அது ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணிவிட்டுத்தான் நெருப்பை விடும். வங்கி நோட்டீஸ் போல அவகாசம் உண்டு. அதற்குள் ஆடுபவர் தற்காத்துக்கொள்ள வேண்டும்.

பஹாமுத் என்ற பெயர் ஜப்பானில் பிறந்ததல்ல. பழைய அரபுக் கதைகளில் அது ஒரு பிரம்மாண்டமான மீன். அந்த மீனின் மேல் ஒரு காளை, காளையின் மேல்தான் பூமி. 1970-களில் அமெரிக்காவின் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அப்பெயரை ஒரு டிராகனுக்குச் சூட்டியது. அதையே பிறகு ஜப்பானியர் எடுத்துக்கொண்டனர்.

பூமியைத் தாங்கும் பிராணி என்றதும் நமக்கு ஆதிசேஷன் நினைவு வரும். அவரும் நெருப்பை உமிழ்ந்தவர்தான். அந்தக் காட்சி புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், திருமயம் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது.

குடைவரையில் பெருமாள் திருமெய்யராகப் பள்ளிகொண்டிருக்கிறார். மது, கைடபர் என்ற அசுரர்கள் தாக்க வருகிறார்கள். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையிலும் இதே இருவர் பெருமாளின் காலடியில் கதாயுதத்துடன் நிற்கிறார்கள். திருமயத்துச் சிற்பி அடுத்த கட்டத்தையும் காட்டிவிட்டார். ஆதிசேஷன் விட்ட நெருப்பு ஜுவாலையைப் பின்சுவரிலேயே வடித்துள்ளார். அசுரர்கள் அஞ்சி விலகுகிறார்கள்.

தலபுராணம் இதோடு முடியவில்லை. பெருமாளின் உறக்கம் கலையக்கூடாது என்று ஆதிசேஷன் தாமே அந்த முடிவை எடுத்தார். எதிரிகள் ஓடியபின், 'உத்தரவு பெறாமல் செய்துவிட்டோமே' என்று அஞ்சினார். மேலதிகாரியைக் கேட்காமல் அவசரத்துக்கு முடிவெடுத்த எவருக்கும் இந்தப் பயம் புரியும். பெருமாள் அவரைக் கோபிக்கவில்லை; அவர் செயலை மெச்சி அச்சத்தைப் போக்கினார்.

விளையாட்டில் அந்த நெருப்பு போன தூரம் வேறு. தொடரின் பதினான்காம் பாகம் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுவது. அது சரிவரப் போகாததால் 2012 நவம்பரில் நிறுத்தினார்கள். அப்போது பஹாமுத் அந்த உலகையே எரிப்பதாகக் காட்டி முடித்தார்கள். மறு ஆண்டு புது உலகம் அமைத்துத் திறந்தார்கள்.

திருமயத்து நெருப்பு எதிரி விலகியதும் நின்றது. விட்டவருக்கோ 'செய்தது சரியா' என்ற கேள்வி மிஞ்சியது. பலம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. பிள்ளைகளின் ஆட்டத்தைக் குறை சொல்வதை விட, இதைக் காட்டுவது மேல்.

அடுத்த விடுமுறையில் காரைக்குடி பஸ்ஸில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே கிளம்பவும். உள்ளே கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து, ஆதிசேஷன் தலையிலிருந்து பெருமாளின் திருவடி வரை சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்பை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.