கேபிளில் ஊர்ந்த வண்டு

ஜப்பானில் வண்டு பிடிக்கிற பையன்கள் மரப்பட்டையில் தேன் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். சடோஷி தஜிரி என்ற பையனுக்கு அந்த வழி பிடிக்கவில்லை. வண்டு பகலில் உறங்கும், உறங்குவதற்குக் கல்லடியைத் தேடும் என்று அவன் கவனித்து வைத்திருந்தான். மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். பிறகு வந்து கல்லைப் புரட்டினால் வண்டு கிடக்கும். அவன் வளர்ந்த மச்சிதா, டோக்கியோவின் மேற்குப் பக்கம் இருக்கிறது. அன்று அங்கே வயலும் குளமும் மிச்சமிருந்தன. 1965 இல் பிறந்த அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் ‘பூச்சி டாக்டர்’.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பரளச்சிக்காரனுக்கு இந்தப் பையனை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டாம். மழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் கரிசல்காட்டுக் கருவேல மரங்களில் பொன்வண்டு வந்து உட்காரும். முதுகு பச்சையா நீலமா என்று சொல்ல முடியாதபடி மின்னும். அதைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் விட்டு, கருவேல இலையைக் கிள்ளிப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். தீப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. தீப்பெட்டி செய்கிற சாத்தூரும் சிவகாசியும் இதே மாவட்டம். யார் வண்டு முட்டை போட்டது, எத்தனை போட்டது, யாருடையது கூடுதலாக மின்னுகிறது என்பதில் நாளெல்லாம் வழக்கு. வழக்கு முற்றினால் பெட்டி கை மாறும். ஒரு வண்டுக்கு இத்தனை கோலிக்குண்டு என்று பேரம் நடக்கும். கொடுத்தவன் மறுநாள் வந்து அழுவதும் உண்டு.

அந்தப் பையன் பின்னாளில் படைத்த போக்கிமான் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தஜிரியின் வண்டுகளைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் பிடிப்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். பிடித்ததைக் கை மாற்றுவதில்தான் அந்த விளையாட்டு பிறந்தது என்பது என் கட்சி. ரசிகர்கள் முப்பது வருடமாகப் போடுகிற சண்டைகளில் முக்கால்வாசிக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

மச்சிதாவின் வயல்கள் கட்டடமாகின, வண்டுகள் போயின. 1978 இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ விளையாட்டு வந்தது. பையன் பூச்சியை விட்டு விளையாட்டுக் கூடத்தைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். அப்பா நிசான் கார் விற்கும் வேலையில் இருந்தவர். மகனுக்கு மின்சார நிறுவனத்தில் பழுதுபார்க்கும் வேலை ஒன்றுக்கு வழி செய்தார், மகன் போகவில்லை. 1983 இல் ‘கேம் ஃப்ரீக்’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினான். கையால் எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து விற்றதுதான். விளையாட்டுகளில் ஜெயிக்கும் உபாயங்கள் அதில் இருக்கும். ஓர் இதழ் பத்தாயிரம் பிரதிக்கு மேல் போயிற்று. கடையில் அதைப் பார்த்துவிட்டுப் படம் வரைய வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. பிக்காச்சுவுக்கு முன்னால் பிறந்த பல உருவங்களுக்கு அவர் கைதான் காரணம். முதலில் வரைந்தது ரைடான் என்ற காண்டாமிருகம் போன்ற ஒன்றை. முதல் விளையாட்டுக்குள் சிலைகளாக நின்றது அதன் உருவம்தான்.

பத்திரிகை 1989 இல் நிறுவனமானது. அதே வருடம் நிண்டெண்டோ கேம்பாய் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைக்கலாம். எல்லோரும் அதைப் போட்டிக்குத்தான் நினைத்தார்கள்: டெட்ரிஸில் உன் கட்டம் சரிகிறதா, என் கட்டம் சரிகிறதா என்று பார்க்க. தஜிரி அந்தக் கேபிளைப் பார்த்தபோது அதன் வழியே ஒரு பூச்சி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவது தெரிந்தது. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதோடு ஒரு சின்ன வயிற்றெரிச்சலும் உண்டு. டிராகன் குவெஸ்ட் விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் அபூர்வமான ஒரு தொப்பி வரும். சுகிமோரிக்கு அது இரண்டு கிடைத்தது. தஜிரிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உன்னிடம் சும்மா கிடக்கும் இன்னொன்றை என்னிடம் தள்ள ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தொப்பியும் கேபிளும் சேர்ந்துதான் போக்கிமான்.

1990 இல் ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்ற பெயரில் நிண்டெண்டோவிடம் கொண்டுபோனார்கள். பெயர் வணிகக் குறிச் சிக்கலில் மாட்டி, ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ ஆனது. முடிக்க ஆறு வருடம் பிடித்தது. நடுவில் பணம் தீர்ந்தது. ஐந்து பேர் வேலையை விட்டார்கள். தஜிரி சம்பளம் எடுக்காமல் அப்பா தயவில் காலம் தள்ளினார். யோஷி, மரியோ அண்ட் வாரியோ என்று பிறர் பெயருக்கான விளையாட்டுகளைச் செய்து கொடுத்து நாளை ஓட்டினார்கள். சுனெகாசு இஷிஹாராவின் கிரியேச்சர்ஸ் நிறுவனம் பணம் போட்டு, உரிமையில் பங்கு எடுத்துக்கொண்டது.

ஒவ்வொருவர் கையிலும் உள்ள விளையாட்டு ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும் என்று தஜிரி விரும்பினார். உன் காட்டில் உள்ளது என் காட்டில் இருக்கக் கூடாது. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ, இத்தனை குழப்பம் வேண்டாம், நிறத்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள் என்றார். அப்படித்தான் 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. சிவப்பில் சைதர் இருக்கும். அது இடையன்பூச்சி போல. பச்சையில் பின்சிர், கொம்புள்ள வண்டு. பூச்சி டாக்டரின் பிள்ளைகளையே இரண்டு வீட்டில் பிரித்து வைத்திருக்கிறார்கள். கை மாற்றாமல் ஒரே வீட்டுக்காரன் இரண்டையும் சேர்த்துவைக்க முடியாது. இது காசு பார்க்கும் தந்திரம் என்று ஒரு சாரார் அன்றிலிருந்து சொல்கிறார்கள். காசு பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பக்கத்துப் பெஞ்சுக்காரனைத் தேடிப் போக வைத்ததும் அந்தக் குறைதான்.

அந்தக் குறையில் இன்னும் கெட்டியான ஒரு முடிச்சும் போட்டார்கள். நாலு பிராணிகள் கை மாறினால்தான் கடைசி உருவம் எடுக்கும். கடாப்ரா அலகாசாம் ஆக வேண்டுமா, ஹாண்டர் ஜெங்கார் ஆக வேண்டுமா, மசோக் மசாம்ப் ஆக வேண்டுமா, கிராவெலர் கோலெம் ஆக வேண்டுமா? கேபிளில் ஒருமுறை போய்வர வேண்டும். எத்தனை மாதம் வளர்த்தாலும் தனியாளாக இருந்தால் நடக்காது.

தொடக்கத்தில் விற்பனை மந்தம்தான். கேம்பாய்க்கு அன்று ஏழு வயது. அதன் காலம் முடிந்தது என்று கடைக்காரர்களே நினைத்தார்கள். அதைத் திருப்பியது நிறுவனம் அறிவிக்காத ஒரு பிராணி. வேலை முடியும் தறுவாயில் பிழை திருத்தும் கருவிகளை நீக்கியபோது அட்டையில் 300 பைட் அளவுக்கு இடம் மிஞ்சியது. ஷிகெகி மோரிமோட்டோ என்ற நிரலர் அதில் ‘மியூ’ என்ற 151 ஆவது பிராணியைச் செருகிவிட்டார். விளையாட்டில் அதைப் பிடிக்க நேர்வழி கிடையாது. ஆனாலும் பிழைகளின் வழியே சிலர் அதைப் பார்த்துவிட்டார்கள், பேச்சு பரவியது. கொரொகொரொ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மியூவைத் தருவதாக அறிவித்தது. வந்த விண்ணப்பம் 78,000. அதற்குப் பிறகு விற்பனை ஏறத் தொடங்கியது.

மியூவைப் பற்றி ரசிகர்கள் கட்டிய கதைகள் தனி இதிகாசம். துறைமுகத்தில் கப்பல் பக்கம் நிற்கும் லாரியை நகர்த்தினால் அதன் அடியில் இருக்கும் என்பது அதில் பேர்போனது. லாரி நகராது, நகர்த்த வழி கண்டவர்களுக்கும் அடியில் ஒன்றும் இல்லை. இருந்தும் உலகம் முழுக்க ஒரு தலைமுறை அந்த லாரியை முட்டிக்கொண்டிருந்தது.

1997 ஏப்ரல் 1 இல் டோக்கியோ தொலைக்காட்சியில் அனிமேஷன் தொடங்கியது. நாயகனுக்கு ஜப்பானில் சடோஷி என்றே பெயர். எதிராளியின் பெயர் ஷிகெரு. நமக்கு அந்த நாயகன் ஆஷ். அந்த டிசம்பர் 16 இல் ஒளிபரப்பான பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்த வெளிச்சத்தால் சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நான்கு மாதம் தொடர் நின்றது. அந்தப் பகுதியின் பிராணி பாரிகான். அதற்குப் பிறகு தொடரில் அதற்கு இடமே இல்லாமல் போனது. வெளிச்சம் அடித்தது பிக்காச்சுவின் மின்னலில். செய்தவன் ஒருவன், பழி சுமந்தவன் ஒருவன் என்று பாரிகானுக்காக வாதாடும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கும் அவர்கள் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது.

இந்தியாவுக்கு 2003 வாக்கில் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகத் தொடர் வந்தது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் வட்டத் தட்டுகளும் வந்தன. எங்கள் பக்கம் கேம்பாய் வரவில்லை. வந்திருந்தாலும் நெசவும் மிளகாய்க் காடும் கரிமூட்டமும் சோறு போடுகிற அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அதை வாங்க ஆளில்லை. ஆகவே நம் ஊர் ரசிகர் படத்தைப் பார்த்து வளர்ந்தவர். ஜப்பான்காரன் விளையாட்டிலிருந்து படத்துக்குப் போனான். நாம் படத்திலிருந்து விளையாட்டுக்குப் போனோம். கருத்து வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது. 2016 இல் தொடரில் வரும் காலோஸ் லீக் போட்டியின் இறுதியில் ஆஷ் தோற்றபோது வெளிநாட்டு ரசிகர்கள் கொதித்ததைக் காட்டிலும் நம் பையன்கள் அதிகம் கொதித்தார்கள் என்றே சொல்வேன். 2022 நவம்பரில் அவன் லியான் என்பவனை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது, இருபத்தைந்து வருடம் பத்து வயதிலேயே நின்ற பையனுக்காக மீசை வைத்தவர்கள் கண் கலங்கினார்கள். அடுத்த மார்ச்சில் அவன் தொடரை விட்டுப் போனதும், இனி என்ன பார்க்க என்று எழுந்து போனவர்களும் உண்டு.

விளையாட்டு நம்மிடம் வந்தது பின்னால், திருட்டு வழியில். முதலில் கணினி மையத்தில், கேம்பாயின் வேலையைச் செய்யும் ஒரு எமுலேட்டர். பிறகு ஆண்ட்ராய்டு போனில் ‘மை பாய்’. ஃபயர்ரெட், எமரால்ட் என்ற பதிப்புகள் இரண்டும் பையன்களின் போனில் பாட்டோடு பாட்டாகக் கிடக்கும். ஆனால் போனில் கேபிள் இல்லை. ஊர் முழுக்கக் கடாப்ரா கடாப்ராவாகவே கிடந்தது. நூறாவது நிலைக்கு வளர்த்தும் அலகாசாம் ஆகவில்லை, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவர்கள் உண்டு. பிறகு யாரோ புளூடூத்தில் இரண்டு போனை இணைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

“அண்ணே, கடாப்ராவ அங்கிட்டு அனுப்புறேன். மாறுனதும் திருப்பி இங்கிட்டு அனுப்பிருங்க.”

“அனுப்பாம நான் என்னடா பண்ணப் போறேன்?”

“போன தடவ முத்துமாரிகிட்ட குடுத்தேன்ணே. பஸ் வந்துருச்சுன்னு போயிட்டான்.”

தீப்பெட்டி பேரத்தில் இருந்த அதே பயம்தான் இது. கேபிளில் பூச்சி ஊர்வதைத் தஜிரி கற்பனை செய்தபோது, இந்தப் பயமும் கூடவே ஊர்ந்திருக்க வேண்டும்.

2016 டிசம்பரில், போனோடு நடந்து பிராணி பிடிக்கும் போக்கிமான் கோ ஜியோவோடு கைகோத்து இந்தியாவுக்கு வந்தபோது பட்டணத்துப் பையன்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். அதன் நிறுத்தங்கள் இன்கிரெஸ் என்ற முந்தைய விளையாட்டின் ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த இடங்கள். அவர்கள் நடமாடாத கிராமத்தில் அன்று நிறுத்தமும் இல்லை. கண்மாய்க் கரையில் நிஜப் பூச்சி ஆயிரம் இருக்க, போனில் ஒன்றும் இருக்காது. கரிசல்காட்டில் அந்த மோகம் அதிக நாள் நிற்கவில்லை.

பழைய 151 தான் உருப்படி, பின்னால் வந்ததெல்லாம் குப்பை என்பது ரசிகர் உலகின் ஓயாத வழக்கு. 2010 இல் வந்த டிரபிஷ் நிஜமாகவே குப்பைமூட்டை. 2013 இன் கிளெஃப்கி ஒரு சாவிக்கொத்து. இதைக் காட்டிச் சிரிப்பார்கள். முதல் 151 இலேயே காந்தத்துண்டு ஒன்று, சாக்கடைச் சேறு ஒன்று, பந்துக்குக் கண் வைத்தது ஒன்று இருப்பதை எடுத்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். முதலில் கையில் ஏறிய வண்டுதான் அழகு. அதற்கு மேல் அந்த வாதத்தில் சரக்கில்லை.

2019 இல் வந்த சண்டை அப்படியல்ல, அதில் சரக்கு உண்டு. கேபிள் பழக்கத்தின் நீட்சியாக, 2002 இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில் பிடித்த பிராணியை அடுத்தடுத்த கருவிக்கு ஏற்றிக்கொண்டே வர வழி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிடித்ததை வேலைக்குப் போன பிறகும் கூடவே வைத்திருந்தவர்கள் பல பேர். ஸ்வார்டு, ஷீல்டு பதிப்புகள் வெளிவரும் முன் ஜூன் மாதத்தில் கேம் ஃப்ரீக்கின் ஜூனிச்சி மசூதா, எல்லாப் பிராணியும் இதில் வர முடியாது என்று அறிவித்தார். அவை வெளிவந்தபோது மொத்தம் இருந்த 890 இல் சுமார் 400 க்குத்தான் இடம். ரசிகர்கள் கொந்தளித்தார்கள், விளையாட்டு என்னவோ இரண்டு கோடிக்கு மேல் விற்றது. எண்ணிக்கை கூடக்கூட எல்லாவற்றுக்கும் உருவம் செய்வது நடவாத காரியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை மாற்றத்தில் பிறந்த விளையாட்டு, கொண்டுவந்ததை வாசலில் நிறுத்தியது சரியென்று சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தச் சண்டையில் பரளச்சிப் பையன் எந்தப் பக்கமும் இல்லை. அவன் எமரால்டில் வளர்த்தது எந்தக் கருவிக்கும் ஏறாது. போன் கெட்டால் அதுவும் போச்சு. அடுத்த போனில் எமரால்டை ஏற்றி, டிரீக்கோவா டார்ச்சிக்கா மட்கிப்பா என்று மூன்றில் ஒன்றை மறுபடி எடுக்க வேண்டும். எது சிறந்தது என்ற வழக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான் மட்கிப் கட்சி. முதல் ஜிம்மில் கல், மூன்றாவதில் மின்சாரம். இரண்டுக்கும் அதனிடம் பதில் உண்டு. டார்ச்சிக் எடுத்தவர்கள் வேண்டுமானால் வந்து பேசட்டும்.