மஞ்சள் மூக்கு நாரை (சென்னைத் தென்புறநகர்)

மஞ்சள் மூக்கு நாரை, இந்தியத் துணைக்கண்டத்திலும் தென்கிழக்காசியாவிலும் நீர்நிலைகளை அண்டி வாழும் பெரிய நாரை இனம். சங்குவளை நாரை என்ற பெயரும் உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். முனை சற்றே வளைந்த மஞ்சள் அலகு, மயிரற்ற ஆரஞ்சு நிற முகம், மார்பின் குறுக்கே கருப்புப் பட்டை, வாலருகே இளஞ்சிவப்பு இறகுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். உலகச் செம்பட்டியலில் நெடுங்காலம் அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் வரிசையில் இருந்தது. சென்னைக்குத் தெற்கே இது கூடு கட்டும் பெயர்பெற்ற இடம் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தாம்பரம் வட்டார ஏரிகளும் இரை தேடும் இடங்கள்.

கூடும் குஞ்சும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் கூடு கட்டும் வேலை தொடங்கும். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இதற்குத் தோதானவை. கீழே தண்ணீர் நிற்கும்வரை பூனையும் நரியும் மரத்தை நெருங்குவதில்லை. தண்ணீர் வற்றினால் அந்தக் காவல் போய்விடும். நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எனப் பல இனங்களோடு ஒரே மரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆணும் பெண்ணும் மாறிமாறி ஒரு மாதம்போல அடைகாக்கும். உச்சி வெயிலில் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி நிற்பதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். விழுங்கி வந்த மீனைக் கூட்டின் நடுவில் கக்கியதும் குஞ்சுகள் அடித்துப்பிடித்துப் பொறுக்கும். வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம், அலகைத் தட்டி ஒலிப்பதோடு சரி. ஊரைக் கூட்டுகிற இரைச்சலெல்லாம் குஞ்சுகளுடையது.

வேடந்தாங்கலின் கவுல்

இங்கே பாதுகாப்பு சட்டத்தில் தொடங்கவில்லை, வயலில் தொடங்கியது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு நல்ல உரம் என்பது உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது உழவர்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவுல் எனப்பட்ட பாதுகாப்பு உத்தரவைப் பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு இவ்விடத்தைச் சரணாலயமாக ஏற்றது. ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். 1998 அறிவிக்கை அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையை விரித்தது. நாரை இரை தேடுவது கூட்டு மரத்தடியில் அல்ல, சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும் என்பதால் அந்த விரிவு அவசியமானது. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை 2020இல் எழுந்தபோது கடும் எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. வேடந்தாங்கல், அருகிலுள்ள கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சார் தலங்களாயின.

புறநகர் ஏரிகள்

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம் ஏரியில் நிரம்பும் நீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்கு இறங்கும். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்த இந்தச் சங்கிலி, வீட்டுமனைகள் பெருகியபின் கழிவுநீர் வாய்க்காலாகவும் ஆகிவிட்டது. பள்ளிக்கரணையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு ஒரு பங்கை விழுங்கியது, சாலைகளும் கட்டடங்களும் வேறு பங்குகளை எடுத்துக்கொண்டன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து சீரமைப்பை மேற்கொண்டன.

சீரமைப்பு என்றாலே தூர்வாரி ஆழமாக்கி, கரையைச் செங்குத்தாக உயர்த்தி, நடைபாதை போடுவது எனப் பல இடங்களில் ஆகிவிட்டது. நிலத்தடி நீருக்கு அது நல்லதாக இருக்கலாம், நாரைக்கு உதவாது. இந்த நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகை நீரில் அமிழ்த்தி இருபுறமும் துழாவும், காலால் சேற்றைக் கிளறும், மீன் பட்டதும் அலகை மூடும். இதற்குக் கால் மூழ்காத ஆழமற்ற விளிம்பு வேண்டும். ஒரு பக்கமாவது சரிவாக விட்ட கரையும், தூர்வாரும்போது வெட்டாமல் விட்ட நீர்க்கருவேலங்களும் இல்லாத ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் இந்தப் பறவை இறங்குவது அரிது.