பட்டம் பெற்ற பின்னரும் மாணாக்கர்



சிவப்புக் கண்ணாடி வளையல் இரண்டாக உடைந்தாலும் துண்டுகள் சிவப்பாகவே இருக்கும். பொருளின் அளவு குறைவதால் நிறம் மாறுவதில்லை என்பதே நம் அன்றாட அனுபவம். ஆனால் மிக நுண்ணிய உலகில் இவ்விதி செல்லுபடியாவதில்லை.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்திப் படிகங்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். அவற்றினுள் எலெக்ட்ரான்கள் நெருக்குண்டு நிற்கின்றன. இடம் குறுகக் குறுக, அவற்றைக் கிளர்த்த வேண்டிய ஆற்றல் மிகுகின்றது. ஆகவே, வேதிப்பொருள் ஒன்றேயாயினும் சிறிய படிகம் நீல ஒளியையும், பெரியது சிவப்பு ஒளியையும் வெளிவிடுகின்றது.

இவ்வுண்மையை முதலில் கண்டவர் லெனின்கிராடு நகரத்து அலெக்ஸி எக்கிமோவ். கண்ணாடியினுள் தாமிரக் குளோரைடுப் படிகங்களை வளர்த்து, 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். அது சோவியத் இதழொன்றில் வந்தமையால், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த லூயி புரூஸ் அதனை அறியார். அவர் 1983-இல், கரைசலில் மிதந்த காட்மியம் சல்ஃபைடுத் துகள்களில் அதே விளைவைத் தாமே கண்டறிந்தார்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. ஒரே அளவுள்ள படிகங்களை விரும்பியபடி ஆக்கும் வழி புலப்படவில்லை. அதனைத் தீர்த்தவர் மௌங்கி பவெண்டி. ஹார்வர்டில் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணே பெற்றவர் இவர்! மனம் தளராது பயின்று, 1988-இல் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் புரூஸிடம் சென்று மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தார். 1990-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணி ஏற்ற பின்னரும் அதே வினாவை விடாது தொடர்ந்தார். 1993-இல், சூடான கரைப்பானில் மூலப்பொருள்களை விரைந்து செலுத்தி, வெப்பநிலையை ஆண்டு, ஏறக்குறைய ஒரே அளவுள்ள படிகங்களைத் தம் மாணவரோடு ஆக்கிக் காட்டினார். இன்று தொலைக்காட்சித் திரைகளிலும் குவாண்டம் புள்ளிகள் ஒளிர்கின்றன. 2023-இல் இம்மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நான், மதிப்பெண் குறைந்த அன்றே படிப்பைக் கைவிட்ட சிறுவர் பலரைக் கண்டிருக்கிறேன். பட்டம் கைக்கு வந்த அன்றே நூல்களை மூடிவைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு பவெண்டியுடையது. இருபது மதிப்பெண் அவரைத் தடுக்கவில்லை. முனைவர் பட்டம் அவரை நிறைவுகொள்ளச் செய்யவுமில்லை.